உங்களுக்குத் தெரியுமா? மேசையில் அடுப்பு, வாவியில் இறால்

மட்டக்களப்பில் கொத்து, புரியாணி, சுட்ட கோழி என்று இராச் சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை. ஆனால் மேசை நடுவே நெருப்பை வைத்து, பச்சை இறைச்சியைத் தட்டோடு கொண்டுவந்து தந்து, "நீங்களே சுட்டுச் சாப்பிடுங்க" என்கிற கொரியன் பாபிகியூவை நம்ம ஆட்கள் பெரும்பாலும் கொழும்பிலோ கொரியாவிலோதான் முதன்முதலாகக் காண்கிறார்கள். காசும் கொடுத்து, சமையலும் நாமேயா என்று முதல் தடவை மனம் கேட்கும். கேட்கட்டும். போகிறவர்களுக்குச் சில விஷயங்கள் இங்கே. போகாமல் வாவிக்கரையிலேயே செய்து பார்க்க நினைப்பவர்களுக்கும் உண்டு.

● இலங்கைக்கும் தென்கொரியாவுக்கும் இராஜதந்திர உறவு தொடங்கியது 1977இல். சாப்பாட்டு உறவு தொடங்கியது 2004இல் என்பேன். வெளிநாட்டுத் தொழிலாளருக்கான வேலை அனுமதித் திட்டத்தைக் கொரியா அந்த ஆண்டுதான் தொடங்கியது. முதல் கட்டத்திலேயே ஒப்பந்தம் போட்ட ஆறு நாடுகளில் இலங்கையும் ஒன்று. மொழிப் பரீட்சையில் சித்தியடைந்தால் தொழிற்சாலை, கட்டட வேலை, பண்ணை, மீன்பிடி என்று ஏதாவது ஒன்றுக்குப் போகலாம். அங்கே வேலை முடிந்து எல்லோரும் ஒன்றாகப் போய்ச் சாப்பிடும் வழக்கத்துக்கு 'ஹோசிக்' என்று பெயர். செலவு பெரும்பாலும் நிறுவனத்துடையது, இடம் பெரும்பாலும் சுட்ட இறைச்சிக் கடை. கொரியாவில் இருந்து வந்த தம்பிமாரிடம் கேட்டுப் பாருங்கள். கிம்ச்சியைப் பற்றி ஒரு வரி சொல்வார்கள், அந்த மேசையைப் பற்றி ஒரு மணித்தியாலம் பேசுவார்கள்.

● கொரியக் கடைகளில் அதிகம் சுடப்படுவது மாடு அல்ல, பன்றி. அதிலும் வயிற்றுப் பகுதி: கொழுப்பும் சதையும் மாறி மாறி அடுக்காக இருக்கும் 'சம்கியோப்சல்'. அதற்கென்று ஒரு நாளே இருக்கிறது, மார்ச் 3. கால்நடை நோயால் நொந்துபோன பன்றி வளர்ப்பாளருக்குக் கைகொடுக்க 2003இல் பாஜு பகுதிக் கால்நடைக் கூட்டுறவுச் சங்கம் கிளப்பிவிட்ட நாள் அது. இன்று அந்த நாளில் கொரியாவின் சுப்பர்மார்க்கெட்டுகளெல்லாம் விலையைக் குறைத்து விற்கின்றன. ஒரு கூட்டுறவுச் சங்கத்துக்கு இதைவிட என்ன வெற்றி வேண்டும்!

● மாட்டிறைச்சிக்கு அங்கே நீண்ட காலம் தட்டுப்பாடு. 1392 முதல் 1910 வரை நீடித்த ஜோசன் அரசில், உழவு மாடு குறைந்துவிடும் என்று மாடறுக்கத் திரும்பத் திரும்பத் தடை விதித்தார்கள். தடை திரும்பத் திரும்ப வந்தது என்றாலே, அது திரும்பத் திரும்ப மீறப்பட்டது என்றுதான் பொருள். படுவான்கரையில் ஏர் பூட்டி வயல் செய்த தலைமுறைக்கு அந்த அரசர்களின் கவலை விளங்கும்.

● இனி நம்ம ஊர் விஷயம். கொரிய அடுப்பின் இரண்டு பெருந்தலைகளும் வாவிக்கரையில் சிக்கலானவை. காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் பன்றி என்ற பேச்சுக்கே இடமில்லை. எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் இந்துக் குடும்பங்கள் பலவற்றில் மாடு ஆகாது. அலுவலகத்து நண்பர்கள் நாலு பேர் ஒன்றாகப் போனால், மேசையில் இருப்பதோ ஒரே ஒரு அடுப்பு, ஒரே ஒரு தட்டி!

ஆகவே இருக்கையில் அமருமுன் கேட்க வேண்டிய கேள்வி, "என்ன இருக்கு?" என்பதல்ல. "இந்தத் தட்டியில் முன்னர் என்ன சுட்டீர்கள், எங்களுக்குப் புதுத் தட்டி தருவீர்களா?" என்பதுதான். கேட்க வெட்கப்படத் தேவையில்லை. கருகிய தட்டியை எடுத்துவிட்டுப் புதியதை வைப்பது கொரியக் கடைகளில் சாதாரண வேலை. ஒரு சாப்பாட்டுக்குள் இரண்டு மூன்று தடவைகூட மாற்றுவார்கள்.

● இறைச்சி ஹலாலாக இருந்தாலே போதும் என்று நினைக்கிறவர்களுக்கு இன்னொன்று. ஊறவைக்கும் கலவையில் வாடை போவதற்காக அரிசி மதுவோ 'சோஜு' என்ற கொரிய மதுவோ சேர்ப்பவர்கள் உண்டு. அதையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும். சியோலில் வேலை செய்யும் நம்ம முஸ்லிம் பிள்ளைகளுக்கு இந்தத் தொல்லை குறைவு. இத்தேவோன் பகுதியில் 1976இல் திறந்த மத்திய பள்ளிவாசலைச் சுற்றி ஹலால் கடைகள் வரிசையாக இருக்கின்றன.

● வெள்ளிக்கிழமை மரக்கறிக்காரர் கிம்ச்சியைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்க வேண்டாம். வெறும் கோவாவும் மிளகாயும்தானே என்று தோன்றும். ஆனால் அதைப் புளிக்கவிடும்போது உப்பில் ஊறிய சின்ன இறாலோ மீன் சாறோ போடுவதுதான் வழக்கம். நம்ம ஊர்க் கூனியின் சொந்தக்காரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொரியப் பௌத்த விகாரைகளில் செய்யும் கிம்ச்சியில் இறாலும் இல்லை, மீனும் இல்லை, உள்ளியும் வெங்காயமும்கூட இல்லை. கடையில் அது கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.

● சரி, மாடும் வேண்டாம், பன்றியும் வேண்டாம் என்றால் கொரியன் அடுப்பில் மிச்சம் என்ன? கடல் மிச்சம். கடற்கரை ஊர்களில் கொரியர்கள் சுடுவதை நாம் படங்களில் அதிகம் பார்ப்பதில்லை, அவ்வளவுதான். மேற்குக் கரையில் மட்டி வகைகளைக் குவித்துவைத்து, ஓடு வாய் திறக்கும்வரை சுடுவார்கள். கோச்சாங் பகுதியில் ஆறும் கடலும் கலக்கும் இடத்து விலாங்குதான் பேர்போனது. கணவாயை உறைப்புக் கலவையில் பிரட்டித் தட்டில் வதக்குவார்கள். ஏரிகள் சூழ்ந்த சுன்சொன் நகரத்தின் அடையாளமே கோழி: 'தக்கல்பி' என்று கோழியும் கோவாவும் வற்றாளையும் ஒரே பெரிய தட்டில், மேசையிலேயே.

56 கிலோமீற்றர் நீளமான வாவி, பாலமீன்மடுவிலும் கல்லாற்றுப் பக்கமும் கடலைத் தொடும் முகத்துவாரங்கள், அந்த உவர்நீரில் வளரும் இறாலும் நண்டும். கொரிய அடுப்புக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? இந்தக் கரையில் யாராவது அப்படியொரு கடை போடுவதாக இருந்தால் மாட்டு விலாவை மறந்துவிட்டு இறாலில் தொடங்குங்கள் என்பதே என் வாதம்.

● அந்த இறாலை எப்படிச் சுடுவது? செப்டெம்பர், ஒக்டோபரில் நம்தாங் துறைமுகத்தில் இறால் திருவிழா நடத்தும் கொரியர்களின் முறை இது. அகலமான சட்டியில் விரல் தடிப்புக்குக் கல்லுப்பைப் பரப்புங்கள். உப்பு நன்றாகச் சூடாகி வெடிக்கத் தொடங்கும்போது, கோதோடும் தலையோடும் உள்ள இறாலை ஈரம் துடைத்து மேலே அடுக்கி மூடுங்கள். சாம்பல் நிறம் போய் முழுக்கச் சிவந்ததும் ஒரு தடவை புரட்டி, இன்னும் கொஞ்ச நேரம். எண்ணெய் இல்லை, மசாலா இல்லை. கோது இருப்பதால் உப்பு உள்ளே அளவோடுதான் ஏறும். தலையைத் தனியே பிடுங்கி வைத்து, மொறுமொறுவென்று சுட்டுக் கடைசியில் தின்பது அவர்கள் வழக்கம். ஆனையிறவு உப்பும் வாவி இறாலும் சேர்ந்தால் கொரியனுக்கே பொறாமை வரும்.

சின்ன எச்சரிக்கை: சட்டி தடித்த இரும்பாக இருக்கட்டும். மெல்லிய அலுமினியச் சட்டியில் செய்தால் அடுத்த நாள் புதுச் சட்டி வாங்க வேண்டிவரும்.

● 1848இல் மட்டக்களப்புக்கு வந்த எமர்சன் டெனன்ட் என்ற பிரித்தானிய அதிகாரி, இரவில் தோணியில் போய் வாவியின் பாட்டைக் கேட்டு எழுதிவைத்தார். பாடுவது மீனல்ல, ஊரி என்ற ஓட்டுயிர்தான் என்று அவருக்குச் சொன்னவர்கள் இங்கத்து மீனவர்கள். மட்டி சுடும் கொரியக் கடைக்குப் போகிறவர்கள் இதை நினைத்துக்கொண்டு போனால் பசி கெடலாம்.

● மிளகாய் கொரியாவின் சொத்தல்ல. நமக்கும் அது சொந்தமல்ல. அமெரிக்கக் கண்டத்தில் பிறந்து போர்த்துக்கேயர் கப்பல்களில் ஆசியா வந்தது. கொரியாவுக்குள் நுழைந்தது 16ஆம் நூற்றாண்டின் கடைசியில், ஜப்பான் படையெடுத்த காலத்தை ஒட்டி. 1614இல் யீ சு-குவாங் என்ற அறிஞர் தன் கலைக்களஞ்சியத்தில் அதைக் கடும் நஞ்சுள்ளது, ஜப்பானிலிருந்து வந்தது என்று குறித்துவைத்தார். அதற்குப் பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1628இல், போர்த்துக்கேயர் புளியந்தீவில் கோட்டை கட்டினார்கள். நஞ்சு என்று எழுதப்பட்ட சாமான் இல்லாமல் இன்று அங்கும் ஒரு நேரச் சாப்பாடு நகராது, இங்கும் நகராது.

ஒரு வித்தியாசம் உண்டு. கொரிய மிளகாய்த்தூள் நிறம் அதிகம், உறைப்புக் குறைவு, கொஞ்சம் இனிப்பும் இருக்கும். அவர்கள் சமையல் குறிப்பில் 'ஒரு கோப்பை மிளகாய்த்தூள்' என்றிருப்பதைப் பார்த்து நம்ம செத்தல் தூளை ஒரு கோப்பை கொட்டினால், பிறகு வரும் கண்ணீருக்கு யாரும் பொறுப்பில்லை.

● இறைச்சியை இலையில் வைத்து மடித்து வாயில் போடுவதற்குச் 'சாம்' என்று பெயர். சலாது இலையை உள்ளங்கையில் விரித்து, அதன் மேல் ஒரு துண்டு இறைச்சி, சுட்ட உள்ளி ஒன்று, பச்சை மிளகாய் ஒரு துண்டு, சோயா அவரையைப் புளிக்கவைத்துச் செய்த களி ஒரு துளி. மூட்டையாகக் கட்டி ஒரே வாயில் முழுசாகப் போட வேண்டும். பாதியில் கடித்தால் எல்லாம் மடியில். நெருக்கமானவர்களுக்கு ஒன்று கட்டித் தாமே ஊட்டியும் விடுவார்கள். சோற்றை மீன் குழம்போடு குழைத்து உருண்டை பிடித்துப் பேரப்பிள்ளைகளுக்கு வரிசையாகக் கொடுக்கும் நம்ம ஊர் அம்மம்மாவின் கை போலத்தான். அந்த ஒரு நேரம் கையால் சாப்பிடுவதை யாரும் குறைவாகப் பார்ப்பதில்லை.

அந்தக் களியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். சோயா அவரையை அவித்து, கட்டி பிடித்து, காயவைத்து, உப்பு நீரில் மாதக்கணக்கில் ஊறப்போட்டு வரும் சாமான். கொரியாவின் அந்தத் தயாரிப்பு முறையை யுனெஸ்கோ 2024 டிசெம்பரில் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. குடும்பமும் அயலும் கூடிக் கிம்ச்சி போடும் வழக்கம் 2013இலேயே ஏறிவிட்டது.

● கத்தரிக்கோல் எதற்கு என்று திகைக்க வேண்டாம். இறைச்சி நீளமான பட்டியாகத்தான் வரும். பாதி வெந்ததும் இடக்கையில் இடுக்கியால் தூக்கிப் பிடித்து, வலக்கையில் கத்தரிக்கோலால் தட்டியின் மேலேயே வெட்ட வேண்டும். பரிசாரகர் சும்மா நின்றால், "தம்பி, முதல் தட்டை நீங்களே வெட்டித் தாங்க, பார்த்துக்கொள்றம்" என்று கேட்டுவிடுங்கள். பலரும் சந்தோஷமாகச் செய்வார்கள். பச்சை இறைச்சியைத் தொட்ட இடுக்கியால் வெந்ததை எடுக்காதீர்கள். வயிறு பிறகு கணக்குக் கேட்கும்.

● ஒரே ஒரு தடவைதான் புரட்ட வேண்டும் என்று அடுப்படியில் நின்று அதட்டும் ஒருவர் எல்லாக் கூட்டத்திலும் இருப்பார். அவருக்குச் சொல்லுங்கள்: அடிக்கடி புரட்டினால் இறைச்சி சீராகவும் விரைவாகவும் வேகும் என்று சமையல் அறிவியல் எழுத்தாளர் ஹரல்ட் மக்கீ எப்போதோ எழுதிவிட்டார்.

● முதலில் ஊறவைக்காத இறைச்சி, பிறகுதான் ஊறவைத்தது. மாற்றிச் செய்தால், கலவையில் இருக்கும் சீனி தட்டியில் கருகி ஒட்டும். அதன் பிறகு வைப்பதெல்லாம் கசக்கும்.

● 'கல்பி' என்ற விலா இறைச்சியும் 'புல்கோகி' என்ற சீவல் இறைச்சியும் மெதுமையாவதற்குக் கொரியப் பேரிக்காயை அரைத்து ஊற்றுவார்கள். அதிலுள்ள நொதியம் புரதத்தை உடைக்கும், இனிப்பும் சேரும். நம்ம பக்கத்தில் கிழட்டு மாட்டுக்குப் பப்பாசிக்காய் போடுகிற வேலைதான். பப்பாசியின் நொதியத்துக்கு வேகம் மிக அதிகம் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். மெல்லியதாகச் சீவிய இறைச்சியை இரவு முழுக்க அதில் ஊறவிட்டால் காலையில் களியாகக் கிடக்கும்.

இனிப்பையும் இறைச்சியையும் சேர்ப்பது இந்தத் தீவுக்குப் புதிதல்ல. வேடர்கள் இறைச்சியைத் தேனோடு மரப்பொந்தில் போட்டு வாயை மண்ணால் அடைத்து வைப்பார்கள் என்று ரொபர்ட் நொக்ஸ் 1681இல் வெளியான தன் நூலில் எழுதினார். வாகரைப் பக்கக் கரையோர வேடர் இன்று தமிழ்தான் பேசுகிறார்கள்.

● நல்ல கொரியக் கடை என்றால் கரியடுப்பு. காஸ் அடுப்பு இரண்டாம் பட்சம். இலங்கையில் அந்தக் கரிக்குத் தட்டுப்பாடே வராது. நம்ம சிரட்டைக் கரி, தண்ணீர் வடிகட்டும் கருவிகளுக்கான கரியாகவும் எரிகரியாகவும் உலகம் முழுவதும் போகிறது. சூடு அதிகம், புகை குறைவு. மூடிய அறைக்குள் மட்டும் வேண்டாம். கரி எரிந்தால் வரும் காபன் மோனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. அதனால்தான் ஒவ்வொரு மேசைக்கும் புகைபோக்கி தொங்குகிறது. புகையை மேசைக்குள்ளேயே கீழ்நோக்கி இழுக்கும் அடுப்பை 1980இல் ஜப்பானின் ஷின்போ நிறுவனம் செய்தது.

கல்லடிக் கடற்கரையில் திறந்தவெளியில் மேசை போடலாமே என்கிறீர்களா? போடலாம். ஆனால் கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் வேண்டாம். இறாலைவிடச் சாம்பலைத்தான் அதிகம் தின்ன வேண்டியிருக்கும்.

● கொரியாவில் தனியாளாகப் போய் உட்கார்ந்தால் பல சுட்ட இறைச்சிக் கடைகள் தயங்கும். குறைந்தது இரண்டு பங்கு வாங்கச் சொல்வார்கள். ஒரு பங்கு என்பது 150 முதல் 200 கிராம் வரை பச்சை இறைச்சி. அடுப்பு மூட்டும் செலவு ஒருவருக்கும் ஒன்றுதான், ஆறு பேருக்கும் ஒன்றுதான் என்பது கடைக்காரரின் நியாயம். களறி வீட்டில் ஒரு சஹனைச் சுற்றி ஐந்தாறு பேர் அமர்ந்து பழகிய காத்தான்குடிக்காரருக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

● குட்டிக் குட்டிக் கிண்ணங்களில் வரும் கிம்ச்சி, ராபு ஊறுகாய், முளைப்பயறு எல்லாவற்றுக்கும் 'பன்சன்' என்று பெயர். கொரியாவில் அவற்றுக்குக் காசு இல்லை, முடிய முடியத் தருவார்கள். வெளிநாடுகளில் சில கடைகள் இரண்டாம் தடவைக்குக் காசு போடும், முதலிலேயே கேட்டுவிடுங்கள். இலவசம் என்று எடுத்து மிச்சம் வைப்பதை அங்கே விரும்பமாட்டார்கள். சாப்பாட்டுக் கழிவை நிலத்தில் கொட்டுவதற்குக் கொரியா 2005இலேயே தடை போட்டது. 2013 முதல் கழிவின் அளவுக்கேற்பக் காசு. 'எவ்வளவும் சாப்பிடலாம்' கடைகள் சிலவற்றில், தட்டில் மிச்சம் வைத்தால் தனிக் கட்டணம் என்று சுவரில் எழுதியே வைத்திருப்பார்கள்.

● சோற்றுக்குக் கரண்டி கேட்பது அவமானமல்ல. கொரியர்களே சோற்றையும் சாறையும் கரண்டியால்தான் சாப்பிடுகிறார்கள். உலோகக் குச்சி கறிகளுக்கு. மேசையில் மூத்தவர் கரண்டியைத் தூக்கிய பிறகே இளையவர் தொடுவார்கள். மூத்தவருக்கு எதையும் இரண்டு கையாலும்தான் ஊற்றிக் கொடுப்பார்கள்.

● போயா நாளில் சோஜு கேட்காதீர்கள். நாடு முழுவதும் மதுபான விற்பனைக்குத் தடை, இறைச்சிக் கடைகளும் மூடியிருக்கும். கடைக்காரர் முதல் நாளே வாங்கி வைத்திருந்தால்தான் உங்கள் தட்டில் இறைச்சி.

● நம்ம வீடுகளில் கொரியச் சாப்பாட்டு ஆசையைக் கிளப்பியதில் பாதிப் பங்கு தொலைக்காட்சிக்கு. அரண்மனைச் சமையற்காரியின் கதையான 'தே ஜங் கும்' கொரியாவில் 2003இல் வந்தது. ரூபவாஹினியில் 'சுஜாத தியணி' என்று சிங்களம் பேசியது. தமிழ்நாட்டில் புதுயுகம் தொலைக்காட்சி கொரியத் தொடர்களைத் தமிழ் பேசவைத்தது. சென்னைக்கோ தொடர் தேவைப்படவில்லை. ஹூண்டாய் 1996இல் கால்வைத்த பிறகு, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் வேலைக்கு வந்த கொரியக் குடும்பங்களுக்காகவே அங்கே கொரியக் கடைகள் முளைத்தன. கொரியாவில் போலவே சுட விரும்பும் தமிழர்களுக்குக் கொழும்பைவிடச் சென்னையில் தெரிவு அதிகம்.

● சுட்டு முடிந்ததும் எழும்பிவிடாதீர்கள். கொரியர்களுக்கு அது முடிவல்ல. பனிக்கட்டி மிதக்கும் குளிர்ந்த நூடில்ஸ் ஒரு கிண்ணம், அல்லது அதே தட்டில் மிச்சக் கிம்ச்சியைப் போட்டுப் பிரட்டிய சோறு. பிறகு சில கடைகளில் இஞ்சியும் கறுவாவும் அவித்துக் குளிரவைத்த 'சுஜொங்வா' தருவார்கள். அவர்கள் போடுவது பெரும்பாலும் தடித்த பட்டை, கசியா வகை. நம்ம கறுவா மெல்லியது, மணம் மென்மையானது. வீட்டில் செய்வதானால் கறுவாவையும் இஞ்சியையும் வெவ்வேறாக அவித்துப் பிறகு கலப்பதே அவர்கள் முறை. ஒன்றாக அவித்தால் ஒன்றின் மணத்தை மற்றது அமுக்கிவிடும்.

● காசு கட்டும் இடத்தில் ஒரு சின்ன மெஷின் இருக்கும், பால்மாவும் சீனியும் கலந்த கோப்பி இலவசமாக வரும். அந்தக் கலவைக் கோப்பிப் பைக்கற்றை 1976இல் கொரியாவின் டொங்சோ நிறுவனம் கொண்டுவந்தது. கொரியாவில் டிப்ஸ் வைக்கும் பழக்கம் இல்லை. வைத்தால் காசை மறந்துவிட்டுப் போகிறீர்கள் என்று பின்னால் ஓடிவரவும் கூடும். கொழும்பில் கதை வேறு: சேவைக் கட்டணம் என்று பெரும்பாலும் 10 சதவீதம் பில்லிலேயே ஏறியிருக்கும், அதற்கு மேல் வற் வரியும் இருக்கும். பேர்ஸைத் திறக்குமுன் பில்லின் அடிப்பக்கத்தை ஒருதரம் வாசியுங்கள்.